முழுங்கின அப்புறம் கேளு

“அக்காவைப் பார்க்கப் போறேன்னுதான் சொன்னேன், ஊர்வலம் போறேன்னு சொன்னேனா—”

“ரெண்டே ரெண்டு பேரும்மா, அதைப் போய் ஊர்வலம்னு—”

“ரெண்டு பேரா? அந்த நெட்டை ஒருத்தன் நாலு பேருக்குச் சமம். தட்டைக் கழுவாமலே திருப்பி வெச்சுடலாம், அப்படி வழிச்சுத் திங்கறான். அக்கா வீட்டு நிலைப்படி வேற—”

“குனிஞ்சு வருவான். இங்க குனிஞ்சுதானே வர்றான், இங்க மட்டும் என்ன அரண்மனையா—”

“இங்க வர்றது வேற. இது என் வீடு. அவ என்ன நினைப்பா, இத்தனை வருஷம் கழிச்சு வர்றவ பட்டாளத்தைக் கூட்டிட்டு—”

“நீதானம்மா ஏத்தி விட்ட. இதெல்லாம் ஒரு சாப்பாடாடா, எங்க ஊருக்கு வந்து எங்க அக்கா கையால சாப்பிட்டுப் பாருங்கன்னு வாராவாரம் சொன்னது யாரு? நானா?”

“அது பேச்சுக்குச் சொல்றது. பேச்சுக்குச் சொன்னா டிக்கெட் எடுத்துடறதா? உங்கப்பாவையே கேளு.”

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். இரண்டு பக்கமும் ஹார்ன் அடித்தால் வண்டியை ஓரம் கட்டிவிட வேண்டும் என்பது அவர் கொள்கை.

“எனக்கு முட்டி வலி, நான் வரல. அது ஒண்ணுதான் எனக்கு நிச்சயமாத் தெரியும்” என்றார்.

அம்மா கட்டிலில் கிடந்த சட்டையை எடுத்து மடித்தாள். சலவைக் கடையில் ஸ்டீம் பெட்டிக்கு முன்னால் ஆயுளில் பாதியை நின்று கழித்தவள். கோபம் வந்தாலும் கை தப்பாது, காலர் காலரோடு சேரும். மடித்ததை உதறி மறுபடியும் மடித்தாள். அப்படி இரண்டாம் முறை மடித்தால் சம்மதித்துவிட்டாள் என்று அர்த்தம். மகள் சத்தம் போடாமல் பெட்டியின் மறுபக்கத்தில் உட்கார்ந்து செருப்புகளைக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தாள்.

மகளுக்கு முப்பது தாண்டிவிட்டது. கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறாள். ரொட்டி வண்டி ஓட்டுகிற நெட்டையும், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற குருவியும் அவளுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளிகள். குருவி என்று பெயர் வந்தது உடம்பைப் பார்த்து. சாப்பாட்டைப் பார்த்தால் வேறு பெயர் வைத்திருப்பார்கள். மூன்று பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஒரு பைத்தியம் பிடிக்கும். அதுவரை சாப்பிடாத ஒன்றை எங்கேயாவது தேடிப் பிடித்து வந்து இந்த வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வாத்து நாக்கு, நத்தை, மீன் கண், பூஞ்சை பிடித்த பாலாடைக்கட்டி. ஒருமுறை நெட்டை ஒரு பொட்டலம் நிறைய வறுத்த வெட்டுக்கிளி கொண்டுவந்தான். அப்பா அன்றைக்கு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

விளையாட்டுக்குச் சட்டம் ஒன்றுதான். கொண்டுவருகிறவருக்கு மட்டும் அது என்னவென்று தெரியும். மற்ற இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறக்க வேண்டும். முழுங்கின பிறகுதான் கேட்கலாம். முந்திக் கேட்டவர் பாத்திரம் துலக்க வேண்டும்.

அந்தச் சட்டம் மகள் போட்டதல்ல. சின்ன வயதில் அவள் கத்திரிக்காயைப் பார்த்து முகத்தைச் சுளித்தபோது அம்மா போட்டது. “கண்ணை மூடு. முழுங்கின அப்புறம் கேளு. எங்க அக்கா எனக்கு அப்படித்தான் ஊட்டுவா.”

கூட்டாளிகள் எதை எதையோ தின்று பார்த்தும், எது முதல் என்று பேச்சு வந்தால் மூன்று பேரும் அம்மா செய்கிற கறுப்பைத்தான் சொல்வார்கள். கறுப்பு என்றால் பூசணித்தோலும் மீன் குடலும். தோலை நேராக நெருப்பில் போட்டுக் கருக்கி, கொத்தி, குடலோடு சேர்த்து வதக்கி, உப்பும் மிளகாயும் போட்டு எலுமிச்சை பிழிந்து இறக்குவது. புகையும் புளிப்புமாக நாக்கில் ஏறி, கடைசியில் அடித்தொண்டையில் ஒரு கசப்பு நிற்கும். அந்தக் கசப்புக்காகவே குருவி உயிரை விடுவாள். “எங்க ஊர்ல பெரிய விருந்துன்னா இதுதான்” என்பாள் அம்மா. மகளின் பிறந்தநாளுக்கு வருஷாவருஷம் அதுதான் நடக்கும். மீன்காரன் குடலைச் சும்மா கொடுத்துவிடுவான். பூசணி மட்டும் முழுசாக வாங்குவாள். தோலைத் தடிமனாகச் சீவி எடுத்துக்கொண்டு, சதையை மொத்தமாகப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுவாள்.

“அக்கா, சதையை விட்டுட்டுத் தோலையா தின்னுவாங்க?” என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்காத வருஷமில்லை.

“சதை சப்புன்னு இருக்கும்மா. பல்லில்லாதவங்க திங்கறது. ருசி தோல்லதான் இருக்கு.”

பக்கத்து வீட்டுக்காரிக்குப் பல் எல்லாம் இருந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

கல்யாணமாகிக் கடல் தாண்டி வந்தவள் அம்மா. அதற்குப் பிறகு ஊருக்குப் போகவேயில்லை. சண்டை ஒன்றுமில்லை. முதலில் கையில் குழந்தை, அப்புறம் வேலை, அப்புறம் மாமியார் படுக்கை, அப்புறம் அப்பாவின் முட்டி. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே போனது. அக்காவின் குரல் மட்டும் போனில் வரும். போன மாதம் வந்தபோது அந்தக் குரல், “தோள் வலி தாங்கலடி. கரண்டியைத் தூக்க முடியல. கடையை மருமக கையில விட்டுடலாம்னு இருக்கேன். நான் அடுப்பு முன்னாடி நிக்கும்போதே ஒரு தடவை வந்துட்டுப் போ” என்றது.

போனை வைத்த கையோடு அம்மா சலவைக் கடையில் லீவு சொல்லிவிட்டு வந்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான். “அக்கா கையால ஒரு வாய் கறுப்பு. அது போதும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.”

கப்பலில் மேல்தளத்து பெஞ்சில் நான்கு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். வெயில் தண்ணீரில் பட்டு முகத்தில் அடித்தது.

“ஆன்ட்டி, உங்களுக்கு ஊர்ல என்னென்ன ஞாபகம் இருக்கு?” என்றாள் குருவி.

“எல்லாமேதான். ஆனா பார்த்ததைவிட மோந்ததுதான் ஜாஸ்தி ஞாபகம். சாயங்காலமானா என்னைச் சுவர் பக்கம் சாய்ச்சு உட்கார வெச்சு, ஒரு கையால கண்ணைப் பொத்துவா. இன்னொரு கை வாய்க்கு வரும். புகையும் மீனும் கலந்து ஒரு வாசனை அந்தக் கையில. இன்னிக்கு யாரு வீட்டு விருந்து தெரியுமா, கப்பல் கேப்டன் வீட்டு விருந்து, ஆ காட்டுன்னு சொல்லுவா. நான் காட்டுவேன். முழுங்குவேன். என்னக்கா இதுன்னு கேப்பேன்.”

“என்ன சொல்லுவாங்க?”

“கறுப்புன்னு சொல்லுவா. எப்பவும் கறுப்புதான். இருந்தாலும் கேக்கணும்ல, அதுதானே விளையாட்டு.”

“அப்ப அவங்களுக்கு என்ன வயசு?”

“எனக்கு அஞ்சு இருக்கும். அவளுக்குப் பன்னெண்டு, பதிமூணு. ஆனா எனக்கு அவ அப்பவே பெரிய மனுஷி.”

நெட்டை ரொட்டிப் பையைத் திறந்து எல்லாருக்கும் நீட்டினான். அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள். வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போகிறாள் என்று மகளுக்குப் புரிந்தது.

துறைமுகத்து வாசலில் பெரியம்மா நின்றிருந்தாள். மகள் படத்தில் மட்டும் பார்த்த முகம். அம்மாவைவிட ஒரு பிடி உயரம், தோள் மட்டும் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அம்மா பெட்டியை அப்படியே போட்டுவிட்டு நடந்தாள். கட்டிக்கொள்வார்கள் என்று நினைத்த குருவி போனைப் படம் எடுக்கத் தயாராகப் பிடித்தாள். ஆனால் பெரியம்மா தங்கையின் முகவாயைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, கத்திரிக்காயில் சொத்தை பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“இளைச்சுட்ட.”

“நல்லாப் பாருக்கா. இடுப்பு ரெண்டு சுத்து பெருத்திருக்கு.”

“எனக்குத் தெரியும். இளைச்சுட்ட. இது யாரு, விளக்குக் கம்பமா?”

“குனிஞ்சு வருவேன் பெரியம்மா” என்றான் நெட்டை.

“நல்லா இருக்கப்பா. பரண்ல இருக்கிற அண்டாவை இறக்க ஆளில்லாம இருந்தேன்.”

இரண்டு ஊருக்கும் பேச்சு ஒன்றுதான், இழுப்புதான் வேறு. அன்றைக்கு இரவுக்குள் அம்மாவுக்கும் அந்த இழுப்பு திரும்பி வந்துவிட்டது. மகளுக்கு அது வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது.

பெரியம்மாவின் சாப்பாட்டுக் கடை துறைமுகத்துக்குப் பின்தெருவில் இருந்தது. நீள நீளமான மேஜைகள், தகர நாற்காலிகள், சுவரில் எண்ணெய்ப் பசை ஏறிய கடிகாரம். முன்பக்கம் மருமகள் கல்லாவில் இருப்பாள். பெரியம்மா அடுப்பை விட்டு நகரமாட்டாள். காலையில் மீன் வந்து இறங்கும். ஆய்ந்து, கழுவி, மஞ்சள் தடவி வைத்தால் மதியத்துக்குள் அத்தனையும் போய்விடும். மூட்டை தூக்குகிறவர்கள், கப்பல் ஆபீஸ் குமாஸ்தாக்கள், வலை பின்னுகிறவர்கள் எல்லாரும் ஒரே மேஜையில் முழங்கை இடிக்கச் சாப்பிட்டார்கள். நெட்டை முதல் நாளே அண்டாவை இறக்கிவிட்டு, மறுநாள் தண்ணீர் ஊற்றவும் நின்றுவிட்டான்.

அந்த இரண்டாம் நாள் மதியம் நான்கு பேருக்கும் நடு மேஜையில் இடம் போட்டாள் பெரியம்மா. பெரிய மீனாகப் பார்த்து வறுத்து வந்தது. இறால் வந்தது. முட்டை வந்தது. அம்மா ஒவ்வொன்றிலும் கிள்ளி ஒரு வாய் எடுத்துவிட்டு, அடுத்தது வருகிறதா என்று அடுப்பு பக்கம் பார்த்தாள். கேட்கவில்லை. தானாக வரவேண்டும் என்று காத்திருந்தாள்.

குருவிக்குப் பொறுக்கவில்லை. கடை முழுக்கக் கேட்கும்படி, “பெரியம்மா, இதெல்லாம் சரி, கறுப்பு எப்ப வரும்? அந்தப் பூசணித்தோலும் மீன் குடலும்?” என்றாள்.

பக்கத்து மேஜையில் ஐஸ் கம்பெனிக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைக்கு மட்டுமல்ல, மீன் கொட்டகைக்கே ஐஸ் அவர் கம்பெனியிலிருந்துதான் வரும். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“என்னம்மா, குடலா? இந்தக் கடையிலயா? விருந்தாளிக்குக் குடல் போடறீங்களா அக்கா, சொல்லவேயில்லையே.”

“இல்ல சார், இந்த ஊர்ப் பெரிய விருந்தே அதுதானாம். ஆன்ட்டி எங்களுக்கு வருஷா வருஷம் செஞ்சு போடுவாங்க.”

“யாரு சொன்னா? இந்த ஊர்ல குடலை யாரும்மா தின்னா? எங்கப்பா காலத்துல ஒரு பொண்ணு தினமும் சாயங்காலம் கொட்டகைக்கு வந்து, பூனைக்குன்னு சொல்லிக் குடலை வாங்கிட்டுப் போகுமாம். அந்த வீட்டுல எத்தனை பூனைடா இருக்கும்னு அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.”

மேஜையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பெரியம்மாவின் கரண்டி வாணலியில் அப்படியே நின்றது.

“குருவின்னுதானே உன்னைக் கூப்பிடறாங்க?” என்றாள் திரும்பாமலே.

“ஆமா பெரியம்மா.”

“எங்க ஊர்ல அதை நாய்கூட மோந்து பார்க்காது. உனக்குச் சொன்னவ யாரோ, அவளுக்கு வேற எந்த ஊரோ.”

அம்மா பாதி எழுந்தாள். “அக்கா, சின்ன வயசுல நாம—”

“நாம எதுவும் திங்கல” என்றாள் பெரியம்மா. கரண்டியை மருமகள் கையில் கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். கதவு சாத்திய சத்தம் கேட்டது. கடையில் அடுப்புக்கு முன்னால் அவள் இல்லாத மதியத்தை அங்கே சாப்பிடுகிறவர்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

“நான் என்ன தப்பாக் கேட்டேன்?” என்றாள் குருவி. கண் கலங்கிவிட்டது.

“நீ ஒண்ணும் கேக்கல. சாப்பிடு” என்றாள் அம்மா. ஆனால் அவள் தட்டைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மகளிடம் மட்டும் கேட்கும்படி, “நாளைக் கப்பலுக்கே டிக்கெட்டை மாத்திக் குடுப்பாங்களா பாப்பா, கேட்டுப் பாரு. அவ என்னைத் தெரியாதவ மாதிரி பார்த்தா, பார்த்தியா? நான் யாருக்காக வந்தேனோ அவளே இல்லன்னுட்டா” என்றாள்.

மருமகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். “மனசுல வெச்சுக்காதீங்க சின்னத்தை. அத்தைக்குச் சில விஷயம் ஆகாது. இந்தக் கடையில பூசணியே வாங்கக்கூடாது. ஏன்னு கேட்டா முறைப்பாங்க. மீன் குடலை வேற யாரும் தொடக்கூடாது. மூடி போட்ட வாளியில எடுத்துட்டுப் போய் அவங்களேதான் கடல்ல கொட்டிட்டு வருவாங்க, அந்தத் தோளை வெச்சுக்கிட்டு. குப்பை எடுக்க வர்றவங்களுக்குக்கூடக் குடுக்கமாட்டாங்க.”

அம்மா அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெயில் தாழ்ந்ததும் பெரியம்மா பின்வாசலில் வாளியோடு கிளம்பினாள். அம்மா போய்ப் பிடியின் மறுபாதியைப் பிடித்தாள்.

“விடு. கை நாறும்.”

“நாறட்டும். அடுத்த வாரம்தான் சட்டை தேய்க்கணும்.”

“விடுன்னா.”

“நீ விடு.”

இரண்டு பேரும் விடவில்லை. நடுவில் வாளி ஆட, பின்தெரு வழியாக மணலுக்கு இறங்கினார்கள். உயரம் ஒத்துவராததால் வாளி அம்மா பக்கம் சாய்ந்தது. பெரியம்மா தன் கையைத் தாழ்த்திப் பிடித்தாள்.

“யார் யார்கிட்ட சொன்ன?”

“எதைக்கா?”

“எதைன்னு கேக்காத.”

“கறுப்பையா? எல்லார்கிட்டயும்தான். அவர்கிட்ட, பக்கத்து வீட்டுல, சலவைக் கடையில. அதுல மறைக்க என்ன இருக்கு?”

பெரியம்மா வாளியைப் பட்டென்று கீழே வைத்தாள். “நாம எச்சிலும் குப்பையும் பொறுக்கித் தின்னதை ஊர் ஊராப் போய்ச் சொல்லிருக்க. பத்தாததுக்கு வயசுப் பசங்களைக் கூட்டிட்டு வந்து என் கடையிலயே, அந்த ஐஸ்காரன் முன்னாடியே கேக்க வெச்சிருக்க.”

“குப்பையா? எப்பக்கா நாம குப்பை பொறுக்கினோம்?”

“நடிக்காத.”

“சத்தியமா நடிக்கலக்கா.”

பெரியம்மா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். துறைமுகத்தில் பார்த்ததுபோல இல்லை, நேராகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுடைய கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் தடுமாறியது.

“உனக்கு நிஜமாவே தெரியாதா?”

“என்ன தெரியாது?”

பெரியம்மா கடலைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “அப்பா போன கப்பல் வரல. அம்மா படுத்தவங்க எந்திரிக்கல. அந்தக் கொட்டகைல நான் மத்தவங்க மீனைக் கழுவிக் குடுப்பேன். அவங்க குடுக்கிறது அம்மா கஞ்சிக்குச் சரியாப் போகும். வேலை முடிஞ்சதும் குடலைக் கேட்டு வாங்குவேன். பூனைக்குன்னு சொல்லுவேன்.”

“நம்ம வீட்டுல பூனை இல்லையேக்கா.”

“இல்ல.”

அலை ஒன்று வந்து திரும்பிப் போனது.

“பூசணித்தோல் இந்தக் கடையோட பின்வாசல்ல கிடைக்கும். அப்ப கடை வேற ஆளுது. மாட்டுக்குன்னு சொல்லி வாங்கிட்டு வருவேன்.”

“மாடும் இல்லையே.”

“இல்ல.”

அம்மா மணலில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே தலையை ஆட்டினாள். “கப்பல் கேப்டன் வீட்டு விருந்துன்னு சொன்னியேக்கா.”

“பின்ன என்ன சொல்றது? பார்த்தா நீ திங்கமாட்ட. தெரிஞ்சா தெருவுல போய்ச் சொல்லுவ. அதான் கண்ணைப் பொத்தினேன்.”

“நான் ராணி மாதிரி சாப்பிட்டேன்க்கா. நீதானே சொன்ன, முழுங்கினப்புறம் கேட்டதுக்கு, சதையெல்லாம் பல்லில்லாதவங்களுக்கு, ருசி தோல்லதான் இருக்குன்னு. நான் அதை அப்படியே நம்பிட்டேன். இன்னிக்கு வரைக்கும் முழுப் பூசணி வாங்கறேன், சதையைச் சீவிப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டுத் தோலைத்தான் வெச்சுக்கறேன்.”

பெரியம்மா திரும்பினாள். “என்னது?”

“ஆமாக்கா. வருஷா வருஷம். பாப்பா பொறந்தநாளுக்கு.”

“சதையைக் குடுத்துட்டா?”

“மொத்தமா. அவ என்னைக் கிறுக்குன்னு நினைச்சா. நான் அவளுக்கு நாக்கு செத்துப்போச்சுன்னு நினைச்சேன்.”

பெரியம்மாவின் வாய் கோணியது. மூக்கு விரிந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவளும் மணலில் உட்கார்ந்தாள். முதலில் சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. அப்புறம் தூரத்தில் வலை காய வைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். அம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் வாளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து சிரித்துச் சிரித்து, கண்ணைத் துடைத்து, மறுபடியும் சிரித்தார்கள். எந்த இடத்தில் அது அழுகையானது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

“அட மக்கு” என்றாள் பெரியம்மா முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு. “எத்தனை பூசணியோ. சரி, ஒண்ணு கேக்கறேன். நீ செய்யற கறுப்பு கசக்குமா?”

“லேசா. கடைசியில தொண்டையில நிக்கும். அதுதானே அதோட ருசி?”

“பித்தப்பையைக் கிள்ளி எறியறதில்லையா?”

“எது? அது எங்க இருக்கும்?”

“பச்சையா, பட்டாணி மாதிரி, ஈரலோட ஒட்டிக்கிட்டு. அது உடைஞ்சா சட்டி முழுக்கக் கசக்கும்.”

“நான் எங்க பார்த்தேன்க்கா? நீதான் கண்ணைத் திறக்கவே விட்டதில்லையே. வாசனையை வெச்சு நானா கண்டுபிடிச்சதுதான்.”

“அப்ப இத்தனை வருஷமா இந்தப் பிள்ளைங்களுக்குப் பித்தத்தைப் பிழிஞ்சு ஊட்டிருக்க.”

“அந்தக் குருவி அதுக்குத்தான் உயிரை விடுவா.”

“பாவம், அது வாயில விழுந்ததைத்தானே கேட்டுச்சு.” பெரியம்மா எழுந்து, புடவையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். மூடியைத் திறந்து வாளிக்குள் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். “பிடி” என்றாள்.

அம்மா பிடித்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் ஒரு எட்டு வைத்தாள்.

“அங்க இல்ல. வீட்டுப் பக்கம்.”

கடை சாயங்காலம் கிடையாது. பின்கட்டில் விறகடுப்பைப் பற்ற வைத்தார்கள். மருமகள் கதவருகில் வந்து நின்றாள்.

“பூசணி ஒண்ணு வாங்கிட்டு வா” என்றாள் பெரியம்மா.

“பூசணியா? அத்தை, நம்ம கடையிலதான்—”

“இன்னிக்கு வாங்கு. முழுசா.”

“எதுக்கு அத்தை?”

“தோலுக்கு.”

“சதையை என்ன பண்றது?”

“பக்கத்து வீட்டுல குடு” என்று அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

முற்றத்தில் உட்கார்ந்து பெரியம்மா குடலை ஆய்ந்தாள். அம்மா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். குடலை நீளவாக்கில் கீறி, கத்தி முதுகால் வழித்து, உப்புப் போட்டுக் கசக்கினாள். ஈரலைத் தனியாக எடுத்து, ஒட்டியிருந்த பச்சைப் பட்டாணியை இரண்டு நகத்துக்கு நடுவில் வைத்து, உடையாமல் கிள்ளி எறிந்தாள். வலது தோள் ஏறவில்லை, அதனால் முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டாள். அம்மா தானும் ஒன்று செய்தாள். உடைந்துவிட்டது.

“போச்சு. அதைக் குருவி தட்டுல போடு” என்றாள் பெரியம்மா.

வாசலில் நின்ற குருவி அப்போதுதான் சிரித்தாள். உள்ளே வந்து தயங்கி நின்றாள். “பெரியம்மா, மத்தியானம் நான்—”

“வாயாடி. வந்து தோலைக் கருக்கு. கை சுட்டா சொல்லாத.”

தோல் நெருப்பில் வெடித்து, ஓரம் சுருண்டு, கரிப்புகை முற்றம் முழுக்கப் பரவியது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அந்தப் புகையிலேயே உட்கார்ந்திருந்தாள். நெட்டை குனிந்து விறகைத் தள்ளினான். மகள் எலுமிச்சையை வெட்டினாள். கல்லாவைப் பூட்டிவிட்டு மருமகளும் வந்து சுவரோரம் நின்றாள்.

“நாளைக்கு அந்த ஐஸ்காரனுக்கும் ஒரு தட்டு வை” என்றாள் பெரியம்மா அவளிடம். “என்னன்னு கேட்டா, பூனை சாப்பாடுன்னு சொல்லு. அவங்கப்பாகிட்ட குடல் வாங்கின பூனை நான்தான்னும் சொல்லிடு.”

மருமகள் எட்டிச் சட்டிக்குள் பார்த்தாள்.

எல்லாரையும் சுவரில் சாய்ந்து வரிசையாக உட்காரச் சொன்னாள் பெரியம்மா. அவள் மட்டும் முன்னால் பலகை போட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

“கண்ணை மூடுங்க. நீயும்தான் மருமகளே, என்ன வேடிக்கை. இன்னிக்கு யாரு வீட்டு விருந்து?”

“கப்பல் கேப்டன் வீட்டு விருந்து” என்றாள் அம்மா. கண்ணை மூடும்போதே அவள் குரல் சின்னதாகிவிட்டது.

முதல் வாய் அவளுக்குத்தான் வந்தது. புகை, உப்பு, எலுமிச்சை. கசப்பு வரும் என்று தொண்டை தானாகக் காத்திருந்தது, வரவில்லை. அந்த இடத்தில் ஈரலின் ஒரு மெல்லிய இனிப்பு வந்து நின்றது. மறந்தே போயிருந்த ருசி. இத்தனை வருஷமும் அடுப்படியில் நின்று அவள் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். அவள் முழுங்கினாள். கை வரிசையாக நகர்ந்து போவதும், “ஆ காட்டு”, “இன்னும் பெருசா, விளக்குக் கம்பத்துக்கு இவ்வளவுதானா வாய்” என்று சொல்வதும், மறுபடியும் தன்னிடம் வருவதும் கேட்டது. ஐந்து வயதிலும் இப்படித்தான். கை வரும், வரும், வந்துகொண்டே இருக்கும். கடைசியில் தட்டை நகம் வழிக்கிற ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் விருந்து முடிந்தது. அக்கா எழுந்துபோய்த் தட்டைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் கண்ணைத் திறக்க விடுவாள்.

நகம் வழிக்கிற அந்தச் சத்தம் இப்போதும் கேட்டது. அம்மா கண்ணைத் திறந்தாள்.

பெரியம்மா தட்டின் ஓரத்தைச் சுற்றி விரலால் வழித்து, ஒட்டியிருந்ததை எல்லாம் ஒன்றாகத் திரட்டிக் கடைசி வாயை மருமகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். தட்டு வெறுமையாக இருந்தது. சட்டியும் கவிழ்ந்திருந்தது. ஊட்டினவளுடைய உதட்டில் எண்ணெய்ப் பசைகூட இல்லை.

“அக்கா.”

“ம்.”

“முழுங்கிட்டேன்.”

“அதான் தெரியுதே.”

“இப்ப கேக்கலாம்ல?”

“கேளு. அதுதானே விளையாட்டு.”

“அன்னிக்கெல்லாம் நீ என்னக்கா சாப்பிட்ட?”